ஒன்றின் இடத்தில் மற்றொன்று

ஒரு பழக்கடையில் 9 நார்த்தம்பழங்களுக்கும் 7 விளாம்பழங்களுக்கும் சேர்த்து 107 காசு வாங்குகிறார்கள். அதே கடையில் 7 நார்த்தம்பழங்களுக்கும் 9 விளாம்பழங்களுக்கும் சேர்த்து 101 காசு வாங்குகிறார்கள். அப்படியானால் ஒரு நார்த்தம்பழத்தின் விலை என்ன? ஒரு விளாம்பழத்தின் விலை என்ன?

இது நம் பாடநூலில் உள்ள பயிற்சிக் கணக்கு என்று தோழியர் எண்ணிவிட வேண்டாம். கி.பி. 850-ஆம் ஆண்டை ஒட்டி வாழ்ந்த மகாவீரர் என்னும் கணித அறிஞர், தம் 'கணித சார சங்கிரகம்' என்ற வடமொழி நூலில் கேட்ட கேள்வி இது. (சமண சமயத் தீர்த்தங்கரராகிய மகாவீரர் வேறு, இவர் வேறு. ஆனால் இவரும் சமணரே.) இராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் எழுதப்பட்ட அந்நூலை, 1912-ஆம் ஆண்டில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்து வெளியிட்டவர் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரங்காச்சாரியார். அச்சிட்டது சென்னை அரசு அச்சகம். காசு என்பது மட்டும் நம் வசதிக்காக நான் சேர்த்துக்கொண்டது.

இதன் விடையைச் சற்றுப் பொறுத்துக் காண்போம். இத்தகைய கணக்குகளைத் தீர்க்க நமக்குக் கற்றுத் தந்த வழிகளுள் ஒன்று பிரதியிடும் முறை. சமன்பாடு ஒன்று, சமன்பாடு இரண்டு என்று எண்ணிட்டு, வரிக்கு வரி எழுதி, முடிவில் விடைக்குக் கீழே இரண்டு கோடு இழுத்துவிடுகிறோம். படிகள் மனப்பாடமாகிவிடுகின்றன. ஆனால் நடுவில் ஒரு மாறி திடீரென்று காணாமல் போகிறதே, அது எங்கே போயிற்று, போகலாமா என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். அந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் படிகளை மனப்பாடம் செய்யவே தேவையில்லை என்பது என் எண்ணம்.

முதலில் எளிய கணக்கு ஒன்று. பள்ளி நாடக விழாவுக்கு நுழைவுச்சீட்டு விற்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு 20 ரூபாய். சிறியவர்களுக்கு 10 ரூபாய். மொத்தம் 120 சீட்டுகள் விற்றன. பெட்டியில் 1,900 ரூபாய் இருக்கிறது. பெரியவர் எத்தனை பேர், சிறியவர் எத்தனை பேர் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. பெரியவர் சீட்டுகளின் எண்ணிக்கையைப் 'பெ' என்றும், சிறியவர் சீட்டுகளின் எண்ணிக்கையைச் 'சி' என்றும் குறித்தால்,

பெ + சி = 120
20பெ + 10சி = 1900

எக்ஸ், ஒய் என்று எழுதாமல் இதென்ன பெயும் சியும் என்று சிலர் நகைக்கக்கூடும். எக்ஸும் ஒய்யும் பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட் 1637-இல் வெளியிட்ட வடிவியல் நூலின் வழியே பரவியவை. ஆங்கில அகரவரிசையின் கடைசி எழுத்துக்களை அவர் தெரியாத எண்களுக்கு ஒதுக்கினார். அதற்கு ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டில் பாஸ்கராசாரியர் தம் 'பீஜகணித'த்தில், முதல் தெரியாத எண்ணை 'யாவத்தாவத்' என்றும் (எவ்வளவோ அவ்வளவு என்பது பொருள்), அடுத்தடுத்து வருபவற்றைக் காலகம், நீலகம், பீதகம், லோகிதம் என்றும் நிறங்களின் பெயரால் வழங்கினார். கறுப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு! கணக்கில் எழுதும்போது முதலெழுத்து மட்டும்: யா, கா, நீ, பீ, லோ. தேர்வில் நாம் எக்ஸ், ஒய் என்றே எழுதுவோம். இந்தப் பக்கங்களில் தமிழ் எழுத்துக்கள் இருக்கட்டும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. 'பெ' என்பது பெரியவர் அன்று. பெரியவர் சீட்டுகளின் எண்ணிக்கை. அது ஓர் எண். நமக்கு இன்னும் தெரியாத எண், அவ்வளவுதான். அதுபோல் பழக் கணக்கில் 9நா என்று எழுதினால் ஒன்பது நார்த்தம்பழங்கள் என்று பொருளன்று. ஒரு நார்த்தம்பழத்தின் விலையைப் போல் ஒன்பது மடங்கு என்று பொருள். பழத்தையும் பழத்தையும் கூட்டினால் காசு எப்படி வரும்? விலையையும் விலையையும் கூட்டினால்தான் காசு வரும். இந்த வேறுபாடு மனத்தில் பதியாதவரை பிரதியிடுதல் ஒரு மாய வித்தையாகவே தோன்றும்.

இப்போது முதல் சமன்பாட்டை மட்டும் பாருங்கள். கூட்டினால் 120 என்கிறது. 0-வும் 120-ம் ஆகலாம். 1-ம் 119-ம் ஆகலாம். இப்படியே 120-ம் 0-வும் வரை 121 விடைகள். இரண்டாவது சமன்பாட்டை மட்டும் பார்த்தால் அதற்கும் ஒரு நீண்ட பட்டியல் உண்டு. பெரியவர் ஒருவருமில்லை, சிறியவர் 190 என்பது தொடங்கி, பெரியவர் 95, சிறியவர் ஒருவருமில்லை என்பது வரை 96 விடைகள். முதல் பட்டியலில் 121 இணைகள், இரண்டாவதில் 96 இணைகள். இரண்டு பட்டியலிலும் இடம்பெற்றிருக்கும் இணை எது என்பதே கேள்வி. ஒரு சமன்பாடு எவ்வளவு நீளமாக இருந்தாலும் அது ஒரு சாட்சி மட்டுமே. இரண்டு சாட்சிகளும் ஒரே நிகழ்ச்சியைப் பற்றிப் பேசுகின்றன. முதல் சாட்சி சொன்ன 'சி'யும் இரண்டாம் சாட்சி சொன்ன 'சி'யும் ஒரே எண். இந்த ஒரு செய்தியின் மேல்தான் முறை முழுவதும் நிற்கிறது.

முதல் சாட்சி சொன்னதைச் சற்றுத் திருப்பி எழுதுவோம்.

சி = 120 − பெ

சமக்குறியின் இரு பக்கமும் இருப்பது ஒரே எண்ணின் இரு பெயர்கள். ஆகவே இரண்டாவது சமன்பாட்டில் 'சி' என்று எங்கே கண்டாலும் அங்கே '120 − பெ' என்று எழுத நமக்கு உரிமை கிடைத்துவிட்டது. ஒன்றின் இடத்தில் அதற்குச் சமமான மற்றொன்று. 'சி' காணாமல் போகவில்லை. வேறு பெயரில் அங்கேயே இருக்கிறது.

20பெ + 10(120 − பெ) = 1900
20பெ + 1200 − 10பெ = 1900
10பெ = 700
பெ = 70

முதல் சமன்பாட்டுக்குத் திரும்பிப் போனால் சி = 120 − 70 = 50. பெரியவர் 70, சிறியவர் 50. சரிபார்ப்போம்: 20 × 70 = 1400; 10 × 50 = 500; மொத்தம் 1900. பெட்டியிலுள்ள பணத்தோடு ஒத்துப்போகிறது.

அந்த அடைப்புக்குறியைக் கவனித்தீர்களா? எறிபந்து ஆட்டத்தில் ஒருத்திக்குக் கால் பிசகினால் பதிலுக்கு இன்னொருத்தி களத்தில் இறங்குகிறாள். அவள் முழுதாகத்தான் இறங்குவாள். கையை மட்டும் அனுப்பிவிட்டு வெளியே உட்கார்ந்திருக்க முடியாது. 'சி'க்குப் பதில் வருவது '120 − பெ' முழுவதும். வெளியே நிற்கும் 10, உள்ளே உள்ள இரண்டையும் பெருக்க வேண்டும். அடைப்புக்குறி இடாமல் 1200 − பெ என்று எழுதினால் 19பெ = 700 என்று வரும். அப்போது நாடகம் பார்க்க வந்த பெரியவர்கள் 36 பேரும் இன்னொருவரில் முக்காலுக்கு மேலும்! விடைத்தாளில் பிரதியிடும் முறைக்குக் குறையும் மதிப்பெண்களில் பெரும்பகுதி இந்த அடைப்புக்குறியாலும், கழித்தல் குறிக்கு அடுத்து அடைப்புக்குறி வரும்போது உள்ளே குறிகளை மாற்றாமல் விடுவதாலும்தான் குறைகின்றன என்று எங்கள் கணித ஆசிரியை சொல்வார்கள்.

இந்தச் சீட்டுக் கணக்கை என் பாட்டியிடம் சொன்னேன். பாட்டி ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவரல்லர். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "எல்லாரும் சின்னப் பிள்ளைங்கன்னு வச்சுக்கோ. ஆயிரத்து எரநூறு வரும். மிச்சம் எழுநூறு எங்கேயிருந்து வந்துச்சு? பெரியவங்க ஆளுக்குப் பத்து ரூவா கூடக் கொடுத்திருக்காங்க. அப்போ எழுபது பேரு." ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பாட்டி சொன்ன எண்களை மேலே உள்ள வரிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1200 இருக்கிறது, 700 இருக்கிறது, பெரியவருக்கும் சிறியவருக்கும் உள்ள 10 ரூபாய் வேறுபாடும் 10பெ என்று இருக்கிறது. எல்லாரும் சின்னப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள் என்பதுதான் 10 × 120. ஆகவே பிரதியிடும் முறை வெளிநாட்டிலிருந்து இறங்கிய புதுச் சரக்கு அன்று. நம் வீட்டுப் பெரியவர்கள் மனக்கணக்காகச் செய்ததையே தாளில் எழுதுகிறோம். அப்படியானால் தாளும் எழுத்தும் எதற்கு? பழக்கடைக் கணக்குக்கு வாருங்கள், தெரியும்.

நார்த்தம்பழத்தின் விலை 'நா', விளாம்பழத்தின் விலை 'வி'.

9நா + 7வி = 107
7நா + 9வி = 101

எல்லாம் விளாம்பழமே என்று வைத்துக்கொண்டால் இங்கே ஒன்றும் நடக்காது, விலையே தெரியாதே! ஆனால் பிரதியிடுதல் நடக்கும். முதல் சமன்பாட்டிலிருந்து,

நா = (107 − 7வி) ÷ 9

இதை இரண்டாவதில் நா இருக்கும் இடத்தில் இட்டு, பின்னத்தைப் போக்க இரு பக்கமும் 9-ஆல் பெருக்கினால்,

7(107 − 7வி) + 81வி = 909
749 − 49வி + 81வி = 909
32வி = 160
வி = 5

நா = (107 − 35) ÷ 9 = 8. நார்த்தம்பழம் 8 காசு. விளாம்பழம் 5 காசு. இரண்டாவது சமன்பாட்டில் 56 + 45 = 101. சரி.

மகாவீரர் தந்த வழி இதுவன்று. பெரிய தொகையைப் பெரிய எண்ணால் பெருக்கு (107 × 9 = 963); சிறிய தொகையைச் சிறிய எண்ணால் பெருக்கு (101 × 7 = 707); கழி (256); அதை இரு எண்களின் வர்க்கங்களின் வித்தியாசத்தால் வகு (81 − 49 = 32). 8 கிடைக்கும் என்கிறது அவருடைய விதி. இது நீக்கல் முறையின் சுருக்கம். ஆனால் அந்த 32-ஐப் பாருங்கள்! நம் வழியிலும் 81வி-யிலிருந்து 49வி போய் 32வி என்று அதே எண் வந்து நிற்கிறது. ஏறக்குறைய ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எழுதி வைத்த எண், என் வழித்தாளில் தானாக வந்து நின்றபோது எனக்கு உண்மையிலேயே மெய் சிலிர்த்தது.

உள்ளதைச் சொன்னால், இந்தக் கணக்குக்கு இரண்டையும்விட எளிய வழி உண்டு. இரு சமன்பாடுகளையும் கூட்டுங்கள்: 16 நார்த்தம்பழமும் 16 விளாம்பழமும் 208 காசு, ஆகவே ஒன்றும் ஒன்றும் சேர்ந்து 13. கழியுங்கள்: 2நா − 2வி = 6; வித்தியாசம் 3. கூட்டினால் 13, கழித்தால் 3 வரும் எண்கள் 8, 5. வேலை முடிந்தது. எனவே எல்லாவற்றுக்கும் பிரதியிடும் முறையே சிறந்தது என்று நான் வாதாட வரவில்லை. ஏதேனும் ஒரு மாறியின் கெழு 1 ஆக இருந்தால் பிரதியிடுங்கள். எல்லாக் கெழுக்களும் பெரிய எண்களாக இருந்தால் பின்னங்கள் தொல்லை தரும், நீக்கல் முறையை நாடுங்கள். ஆயினும் பிரதியிடுதலுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. ஒரு பழமும் மற்றொரு பழமும் சேர்ந்து 13 காசு, இரு விலைகளையும் பெருக்கினால் 40 என்று ஒருவர் கேட்டால் நீக்கல் முறை கைவிட்டுவிடும். பெருக்கற்பலனை எதனோடு கூட்டுவது, எதிலிருந்து கழிப்பது? நா = 13 − வி என்று இட்டால் வி(13 − வி) = 40 என்னும் இருபடிச் சமன்பாடு வந்துவிடும். அதைத் தீர்க்க நமக்குத் தெரியும்.

இனி, சிலர் தனியே உட்கார்ந்து குழம்பும் ஓர் இடம். முதல் சமன்பாட்டிலிருந்து சி = 120 − பெ என்று எடுத்தோம் அல்லவா? அதை மீண்டும் முதல் சமன்பாட்டிலேயே இட்டால் என்ன ஆகும்?

பெ + (120 − பெ) = 120
120 = 120

பெ-யும் போயிற்று, சி-யும் போயிற்று. கணக்கில் பிழை இல்லை, கிடைத்தது உண்மையும்கூட. ஆனால் பயனற்ற உண்மை. ஒரு சாட்சியை அழைத்து, நீ சொன்னது சரிதானா என்று அவரிடமே கேட்டால் ஆம் என்பார். அதனால் புதுச் செய்தி ஒன்றும் வராது. ஒன்றிலிருந்து எடுத்ததை மற்றொன்றில் இட வேண்டும் என்ற விதி இதற்காகத்தான்.

இதன் தொடர்ச்சியாக, வீட்டுக்கு உதவும் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கடையில் 2 நோட்டுப் புத்தகங்களும் 3 பேனாக்களும் வாங்கி 90 ரூபாய் கொடுத்தோம். மறுவாரம் அதே வகை நோட்டுகள் 4-ம் பேனாக்கள் 6-ம் வாங்கியபோது 200 ரூபாய்க்குச் சீட்டு வந்தது. நோட்டின் விலை 'நோ', பேனாவின் விலை 'பே' என்று கொண்டு பிரதியிட்டுப் பாருங்கள்.

2நோ + 3பே = 90; ஆகவே 2நோ = 90 − 3பே
4நோ + 6பே = 200; அதாவது 2(90 − 3பே) + 6பே = 200
180 − 6பே + 6பே = 200
180 = 200

மாறிகள் இரண்டும் மறைந்து, எஞ்சியது பொய். நாம் பிரதியிட்டது தவறன்று. இந்த இரண்டு சீட்டுகளும் ஒருங்கே உண்மையாகும்படி ஒரு விலை உலகத்திலேயே இல்லை என்று கணக்கு நமக்குச் சொல்கிறது. விலை ஏறியிருக்க வேண்டும். அல்லது கூட்டலில் பிழை இருக்க வேண்டும். வரைபடத்தாளில் வரைந்தால் இவை சந்திக்காத இரு இணைகோடுகளாக ஓடும். மாறாக இரண்டாவது சீட்டு 180 ரூபாய்க்கு வந்திருந்தால் 180 = 180 என்று வரும். கடைக்காரர் மேல் குற்றமில்லை. ஆனால் ஒரு பேனாவின் விலை என்ன என்று நம்மால் சொல்லவும் முடியாது. முதல் சீட்டையே இரண்டு முறை படித்ததற்குச் சமம் அது. தீர்வு இல்லை, முடிவிலாத் தீர்வுகள் என்று பாடநூலில் இரண்டு தலைப்புகளாகப் படிப்பவை இவைதாம்.

பெரியவர்கள் ஒரு கேள்வி கேட்கலாம்: சீட்டும் பழமும் சரி, பெரிய காரியம் எதற்காவது இது உதவுமா? உதவும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. என் அத்தை, தம் திருமணத்தின்போது 22 காரட் என்று சொல்லி வாங்கிய கெட்டிக் காப்புகளை மாற்றப் போனார்கள். கடையில் உரைத்துப் பார்த்து, தரம் குறைவு என்று சொல்லிக் கழித்துக்கொண்டார்கள். எவ்வளவு குறைவு, எப்படிக் கண்டீர்கள் என்று கேட்க அத்தைக்குத் தெரியவில்லை. முதலில் விற்றவர் சொன்னது பொய்யா, இப்போது வாங்குபவர் சொல்வது பொய்யா என்று வீட்டில் இரண்டு நாள் பேச்சு நடந்தது. உருக்காமல், உடைக்காமல் இதை அறிய முடியுமா?

முடியும் என்பதற்குப் பழங்கதை ஒன்று உண்டு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சிசிலித் தீவிலுள்ள சிரக்கூஸ் நகரை ஆண்ட ஹைரோ மன்னன், தன் பொன் முடியில் பொற்கொல்லன் வெள்ளி கலந்துவிட்டானோ என்று ஐயுற்று ஆர்க்கிமிடீசைக் கேட்டானாம். அவர் நீரைக் கொண்டு உண்மையைக் கண்டாராம். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து விட்ருவியஸ் என்னும் ரோமானியக் கட்டடக்கலை அறிஞர் எழுதி வைத்த கதை இது. குளியல் தொட்டியிலிருந்து அவர் எழுந்து ஓடியதை நாம் எல்லாரும் சிரித்துக்கொண்டே படித்திருக்கிறோம். ஆனால் அதற்குள் இரு சமன்பாடுகள் ஒளிந்திருப்பதை எத்தனை பேர் கவனித்தோம்?

ஒரு கெட்டிக் காப்பு 47.6 கிராம், அதாவது ஏறக்குறைய 6 பவுன் என்று கொள்வோம். (இவை அத்தையின் காப்பின் அளவுகள் அல்ல, கணக்கு எளிதாக இருக்க நான் தேர்ந்தவை.) அதை நூலில் கட்டித் தராசில் தொங்கவிட்டு, நீரில் முழுவதும் அமிழ்த்தி நிறுத்தால் 44.6 கிராம் காட்டுகிறது. குறைந்த 3 கிராம், காப்பு விலக்கிய நீரின் எடை. ஒரு கிராம் நீர் ஒரு கன சென்டிமீட்டர். ஆகவே காப்பின் கன அளவு 3 கன சென்டிமீட்டர். ஒரு கன சென்டிமீட்டர் தங்கம் 19.3 கிராம் இருக்கும். செம்பு ஏறக்குறைய 9 கிராம்தான் இருக்கும். காப்பில் உள்ள தங்கத்தின் கன அளவை 'த' என்றும், செம்பின் கன அளவைச் 'செ' என்றும் கொண்டால்,

த + செ = 3
19.3த + 9செ = 47.6

செ = 3 − த என்பதை இரண்டாவதில் இடுங்கள்.

19.3த + 9(3 − த) = 47.6
19.3த + 27 − 9த = 47.6
10.3த = 20.6
த = 2; செ = 1

தங்கம் 2 × 19.3 = 38.6 கிராம்; செம்பு 9 கிராம். 47.6-இல் 38.6 என்பது நூற்றுக்கு 81. தூய தங்கம் 24 காரட் ஆதலால், இந்தக் காப்பு பத்தொன்பதரை காரட்டுக்கும் சற்றுக் குறைவு. 22 காரட் என்றால் நூற்றுக்கு 91.6 இருக்க வேண்டும்; நகைகளில் காணும் 916 என்ற எண் 22-ஐ 24-ஆல் வகுத்து வருவதே. அப்படி இருந்திருந்தால் இதில் 43.6 கிராம் தங்கம் இருந்திருக்கும். 5 கிராம் குறைகிறது. அரைப் பவுனுக்கு மேல்!

உடனே வீட்டு நகைகளையெல்லாம் நீரில் போட்டுவிடாதீர்கள். முதலாவது, நிறுப்பதில் பத்தில் ஒரு கிராம் பிசகினாலும் விடை வெகுவாக மாறும். கன அளவு 3-க்குப் பதில் 3.1 என்று வந்துவிட்டால் தங்கம் 36.9 கிராம் என்று ஆகிவிடுகிறது. காப்பில் ஒட்டிக்கொள்ளும் காற்றுக்குமிழி ஒன்றே இதற்குப் போதும். கல் பதித்த நகை, உள்ளே அரக்கு அடைத்த நகை ஆகியவற்றுக்கு இக்கணக்கு சிறிதும் பொருந்தாது. நகைகளுக்குத் தர முத்திரை 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நம் நாட்டில் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. முத்திரை நிலையங்களில் ஊடுகதிர்க் கருவி கொண்டு சோதிக்கிறார்கள். அத்தைக்கு நான் சொன்னதும், அங்கே கொண்டுபோய்ச் சோதித்து எண்ணை எழுத்தில் வாங்குங்கள், பிறகு விலை பேசுங்கள் என்பதுதான்.

இன்னொரு தடையும் உண்டு. உண்மையான நகைகளில் செம்பு மட்டுமின்றி வெள்ளியும் கலப்பது வழக்கம். அப்போது தெரியாதவை த, செ, வெ என மூன்று. நம்மிடம் உள்ள செய்திகளோ எடை ஒன்று, கன அளவு ஒன்று என இரண்டே.

த + செ + வெ = 3
19.3த + 9செ + 10.5வெ = 47.6

இங்கே எவ்வளவு பிரதியிட்டாலும் கடைசியில் ஒரு மாறி பிடிவாதமாக நின்றுவிடும். விடை ஒன்றாக வராது. மூன்றாவது சாட்சி ஒன்று வேண்டும். காப்பைச் செய்த பொற்கொல்லர், செம்பும் வெள்ளியும் சம கன அளவில் கலந்தேன் என்று சொல்வாரானால், செ = வெ என்னும் மூன்றாவது சமன்பாடு கிடைத்துவிடும். அதை முதலிரண்டிலும் இட்டால் மூன்று மாறிகள் இரண்டாகும். பிறகு நாம் அறிந்த வழியே. விருப்பமுள்ள தோழியர் செய்து பார்க்கலாம். தங்கம் 37 கிராமுக்குச் சற்றே கூடுதலாக வர வேண்டும்.